சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு?

என் நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று டப்பாக்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தாள். மூன்றும் மினரல் ஃபவுண்டேஷன், தூளாக வரும் ரகம். ஒன்றின் அடியில் ‘ஃபேர்’ என்றும், இன்னொன்றில் ‘ஐவரி’ என்றும், மூன்றாவதில் ‘போர்சலைன்’ என்றும் எழுதியிருந்தது. மூன்றுக்கும் கொடுத்த காசைக் கூட்டினால் ஒரு நல்ல புடவை வந்திருக்கும்.

“சின்ன வயசுலேர்ந்து எல்லாரும் என்னை சிவப்பு சிவப்புன்னுதானே சொல்றாங்க அண்ணி? அப்புறம் ஏன் இதுல ஒண்ணுகூட எனக்குச் சேரல?”

பூசிக் காட்டச் சொன்னேன். ‘போர்சலைன்’ போட்டதும் முகம் பொங்கலுக்கு வெள்ளையடித்த திண்ணை மாதிரி ஆகிவிட்டது. ‘ஐவரி’யில் கன்னம் கடைப் பொம்மைபோல ரோஜா நிறம் காட்டியது. ‘ஃபேர்’ கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் தாடை ஓரத்தில் எல்லைக்கோடு போட்டதுபோல முகம் தனியாக, கழுத்து தனியாக நின்றது.

டப்பாவில் எழுதியிருக்கும் ‘ஃபேர்’ வேறு, நாம் சொல்லும் சிவப்பு வேறு. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975இல் தோலை வகை பிரித்தார். வெயிலில் நின்றால் தோல் எரிந்து சிவக்கிறதா, கறுக்கிறதா என்பதுதான் அவருடைய அளவுகோல். முதலில் அவர் போட்டது நான்கே வகை, நான்கும் வெள்ளையர் தோலுக்கு. பழுப்பு, கறுப்புத் தோலுக்கான ஐந்தாவது, ஆறாவது வகைகள் பின்னால்தான் வந்து சேர்ந்தன. மேல்நாட்டுக் கம்பெனிகளின் ‘ஃபேர்’ பெரும்பாலும் முதல் இரண்டு வகைக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்தது. அரை மணி நேர வெயிலிலேயே தோல் எரிந்துவிடும், கறுக்கச் சொன்னாலும் கறுக்காது, அப்படிப்பட்டவர்களுக்கு. நம்மூரில் ‘நல்ல சிவப்பு’ என்று பெயரெடுத்தவர்கள் அநேகமாக மூன்றிலோ நான்கிலோ இருப்பார்கள். டப்பா மொழியில் அது ‘லைட்’, சில கம்பெனிகளில் ‘மீடியம்’. அந்தப் பெயரைப் பார்த்ததும் மனசு சுருங்கி, ஒரு படி வெளுத்ததை எடுத்துவிடுகிறோம். வெள்ளையடித்த திண்ணைக்கு அதுதான் காரணம்.

வெளுப்பு எத்தனை படி என்பது பாதிக் கணக்குதான். மீதிப் பாதி அடிநிறம். கடையில் ‘அண்டர்டோன்’ என்பார்கள். ஏதோ புது வித்தை என்று நினைக்க வேண்டாம், நம் பாட்டிகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் வெறுமனே ‘சிவப்பு’ என்று சொல்லி விடமாட்டார்கள். “சுண்டினா ரத்தம் வரும்” என்பார்கள், “எலுமிச்சம்பழ நிறம்” என்பார்கள், “கோதுமை நிறம்” என்பார்கள். மூன்றும் வெளுப்பில் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். ஆனால் முதலாமவளுக்கு அடியில் ஓடுவது இளஞ்சிவப்பு, இரண்டாமவளுக்கு மஞ்சள், மூன்றாமவளுக்கு இரண்டும் சமம். கடைக்காரர் ‘கூல்’, ‘வார்ம்’, ‘நியூட்ரல்’ என்று பிரிப்பது இதைத்தான். பெண் பார்க்கும் சடங்கின் மேல் எனக்கு மரியாதை கிடையாது. ஆனால் அந்தக் கண்களின் கூர்மையைக் குறை சொல்ல முடியாது.

தோலின் நிறத்தை முக்கியமாக மூன்று பொருள்கள் தீர்மானிக்கின்றன: பழுப்புக்கு மெலனின், சிவப்புக்கு ரத்தத்தின் ஹீமோகுளோபின், மஞ்சளுக்குக் காய்கறி பழங்களிலிருந்து வந்து தோலில் தங்கும் கரோட்டின். மெலனின் நிறைய இருந்தால் மற்ற இரண்டையும் அது மூடிவிடும். வெளுத்த தோலில் மூடுவதற்கு ஆளில்லை. அதனால் மூக்கோரச் சிவப்பு, கண்ணுக்கடியில் ஓடும் நரம்பின் நீலம், ஆறிய பருவின் தடம், எல்லாம் வெளியே தெரியும். பூசிய பவுடரின் நிறம் இம்மி தவறினாலும் அதுவும் தெரியும்.

இனி டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தால் ஏழெட்டுப் பெயருக்கு மேல் இருக்காது. இரண்டு வெள்ளைகள்: டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு. மறைக்கிற வேலை இவற்றுடையது. பளபளப்புக்கும் வழுக்கலுக்கும் மைக்கா, அதாவது அப்பிரகம். நிறத்துக்கு இரும்பு ஆக்சைடுகள் மூன்று: சிவப்பு, மஞ்சள், கறுப்பு. சீட்டில் 77491, 77492, 77499 என்ற எண்கள் இருந்தால் அவை இந்த மூன்றும்தான். சிவப்பு இரும்பு ஆக்சைடு நமக்கு அந்நியப் பொருள் இல்லை. வெள்ளிக்கிழமைக் கோலத்துக்குச் சுற்றிலும் இடுகிற காவி அதுவேதான். ஆனால் மண்ணிலிருந்து வெட்டியெடுத்த காவியில் ஈயம், ஆர்செனிக் போன்ற நச்சு உலோகங்கள் கலந்திருக்கக்கூடும் என்பதால், முகத்துக்குப் போடுவதை ஆலையில் தனியாகத் தயாரிக்கிறார்கள். ‘மினரல்’ என்றதும் மலையைக் குடைந்து எடுத்து அப்படியே அரைத்து அடைத்த இயற்கைப் பொருள் என்று விளம்பரம் நினைக்க வைக்கும். அப்படியல்ல. அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் இன்னதென்று ஓர் இலக்கணமும் கிடையாது. மைக்காவைத் தூவிவிட்டு, வாசனையும் பதனப் பொருளும் கலந்துவிட்டு, மேலே ‘மினரல்’ என்று அச்சடித்தாலும் கேட்பாரில்லை. சீட்டில் இருபது பெயர் இருந்தால் நான் கீழே வைத்துவிடுவேன்.

ஒரு காலத்தில் இந்த வெள்ளை வேலையை ஈயம் செய்தது. 18ஆம் நூற்றாண்டில் லண்டனையே தன் அழகால் கிறங்கடித்த கவுண்டஸ் ஆஃப் கவென்ட்ரி, மரியா கன்னிங், 1760இல் இளவயதிலேயே இறந்துபோனார். ஈய வெள்ளைப் பூச்சுதான் உயிரைக் குடித்தது என்று பேசிக்கொண்டார்கள். இன்றைய தூள் ஃபவுண்டேஷன் அதற்கு வெகுதூரம் தள்ளி, 1990களில் அமெரிக்காவில் பிரபலமானது. கலிஃபோர்னியாவில் 1976இல் சின்னக் கடையாகத் தொடங்கிய ஒரு கம்பெனிதான் பின்னால் பேர்மினரல்ஸ் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. டி.வி.யில் ஒரு பெண் பிரஷ்ஷைச் சுழற்றிக் காட்டிக் காட்டியே அது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. கையால் அப்பாமல் பிரஷ்ஷால் சுழற்றும் வழக்கம் பரவியதில் அந்த டி.வி. நிகழ்ச்சிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

டைட்டானியம் டை ஆக்சைடைப் பற்றி இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். ஒளியை வளைப்பதில் அது வைரத்தையே மிஞ்சும். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.4, இதற்குச் சுமார் 2.7. கொஞ்சம் பூசினாலே மறைப்பது அதனால்தான். கல்யாண ரிசப்ஷனில் ஃபிளாஷ் அடித்ததும் மூக்கும் நெற்றியும் மாவு கொட்டியதுபோல வெளுத்துத் தெரிவதும் அதனால்தான். நேரில் பார்க்கும்போது ஒன்றுமே தெரியாது, ஆல்பம் வந்த பிறகு அழ வேண்டியதுதான். விசேஷத்துக்குப் போடப் போகிறீர்கள் என்றால் முந்தின நாளே பூசிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, செல்போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

சரி, பொருத்தம் பார்ப்பது எப்படி?

புறங்கையில் தேய்த்துப் பார்க்காதீர்கள். கடையில் எல்லோரும் அங்கேதான் தேய்த்துவிடுகிறார்கள். கை வேறு வெயில் பார்த்தது, முகம் வேறு வெயில் பார்த்தது. மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் வழி ஒன்று உண்டு. தங்கம் எடுப்பாக இருக்கிறதா வெள்ளியா என்று பார்ப்பதும் உண்டு. இரண்டையும் நான் நம்புவதில்லை. ஒரே கையில் ஒரு நரம்பு பச்சையாகவும் அடுத்தது நீலமாகவும் தெரிகிறவர்கள்தான் அதிகம். தங்கமோ, நமக்கு எல்லோருக்கும் எடுப்பாகத்தான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்து உருப்படியான வழி ஒரு வெள்ளைத் தாள். முகத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, கால் மணி நேரம் விடுங்கள், கழுவிய சூட்டில் ஏறிய சிவப்பு அடங்கட்டும். பிறகு வெயில் நேராக விழாத ஜன்னலோரம் நின்று, தாளைக் கழுத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள். சுத்த வெள்ளைக்குப் பக்கத்தில் தோலின் சாயல் தன்னால் வெளிவரும்: ரோஜாவா, மஞ்சளா, இரண்டும் இல்லாத கோதுமையா. சிலருக்கு மஞ்சளோடு லேசாகப் பச்சை ஓடும். அதை ‘ஆலிவ்’ என்பார்கள். அவர்களுக்கு ரோஜா சாயல் பவுடர் எதுவுமே ஒத்துவராது.

அடுத்தது தாடை. கன்னத்துக் கீழ்ப்பாதியில் தொடங்கி, தாடை எலும்பைத் தாண்டி, கழுத்துவரை மூன்று பவுடர்களையும் மூன்று கோடாக இழுங்கள். ஒவ்வொரு கோடும் விரல் அகலம் இருந்தால் போதும். தேய்த்து அழுத்திவிட்டு ஜன்னலுக்கு வாருங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. அழகாகத் தெரிகிற கோட்டை எடுத்துவிடாதீர்கள். முகமும் கழுத்தும் வெவ்வேறாக இருந்தால் கழுத்தின் பக்கம் சாயுங்கள். கன்னம் சிவந்து கிடக்கிறதே என்று ரோஜா சாயல் பவுடரைத் தேடிப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அந்தச் சிவப்பைத்தான் மறைக்கப் போகிறோம். கழுத்துக்குப் பொருந்தும் லேசான மஞ்சள் சாயல் அதை அடக்கும், ரோஜா இன்னும் தூக்கிக் காட்டும்.

உடனே முடிவும் கட்ட வேண்டாம். அரை மணி நேரம் பொறுத்து, மூக்கில் எண்ணெய் கசிந்த பிறகு மறுபடி பாருங்கள். நிறம் ஒரு பிடி இறங்கியிருக்கும். ‘ஆக்சிடைஸ் ஆகிவிட்டது’ என்பார்கள் பார்லரில். யோசித்தால் இரும்பு ஆக்சைடு ஏற்கெனவே துருப்பிடித்த இரும்புதானே, துரு இன்னும் என்ன துருப்பிடிக்கப் போகிறது? நடப்பது வேறு. கோடையில் வெளிறிக் கிடக்கும் செம்மண் தரை, முதல் தூறல் விழுந்ததும் கருஞ்சிவப்பாகும் அல்லவா? காய்ந்த துகள்களுக்கு நடுவே இருந்த காற்றை நீர் வெளியேற்றிவிடுகிறது. ஒளி சிதறுவது குறைகிறது, மண் தன் அசல் நிறத்தைக் காட்டுகிறது. முகத்தில் அந்த நீருக்குப் பதிலாக எண்ணெய். எண்ணெய் வழியும் முகக்காரர்கள் நனைந்த நிறத்தை வைத்துத்தான் பொருத்தம் பார்க்க வேண்டும். அவசரமென்றால் உள்ளங்கையில் ஒரு சிட்டிகைத் தூளை ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பாருங்கள், மத்தியானம் மூன்று மணிக்கு முகம் என்ன நிறத்தில் இருக்கும் என்று தெரிந்துவிடும்.

மூன்று கோட்டில் ஒன்றும் மறையவில்லையா? கவலை வேண்டாம், தூளின் பெரிய சௌகரியமே கலந்துகொள்ளலாம் என்பதுதான். வெளுத்த நிறப் பவுடர் என்பது ஒரு குவியல் வெள்ளையில் ஒரு துளி மஞ்சளும் அதைவிடச் சின்னத் துளி சிவப்பும் சேர்ந்தது. அதனால் கலப்பில் சிறு மாற்றமும் உடனே தெரியும். காது குடையும் கரண்டி ஒன்றை அளவாக வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று கலந்து, தாடையில் பாருங்கள். ரோஜா தூக்கலாக இருந்தால் மஞ்சள் சாயல் பவுடரைச் சேருங்கள். கறுப்பாகத் தெரிந்தால் அதே சாயலில் ஒரு படி வெளுத்ததைச் சேருங்கள். தனி வெள்ளையைச் சேர்த்தால் சாம்பல் பூத்ததுபோல ஆகிவிடும். டப்பா வாங்கும் முன் மாதிரிப் பொட்டலம் கிடைத்தால் அதை வாங்குங்கள். எட்டு கிராம் டப்பா ஒன்று பல மாதம் வரும், தவறான நிறத்தை அத்தனை மாதம் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பூசும் கதை நீளமில்லை, ஆனால் அவசரப்பட்டால் அத்தனையும் வீண். முதலில் மாய்ஸ்சரைசர், பகலென்றால் சன்ஸ்கிரீன். டப்பாவில் எஸ்.பி.எஃப். 15 என்று போட்டிருக்கிறதே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். அந்த எண்ணைச் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுவார்கள். நாம் பூசும் தூள் அதில் கால்வாசிகூட வராது. பூசியது தோலில் இறங்கப் பத்து நிமிடம் காத்திருங்கள். ஈரத்தின் மேல் தூள் விழுந்தால் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும், பிறகு தேய்த்தாலும் போகாது.

மூடியில் ஒரு சிட்டிகை கொட்டுங்கள், கோலமாவு எடுப்பதுபோல இரண்டு விரலுக்குள் அடங்குகிற அளவு. அடர்ந்து குட்டையான மயிர் கொண்ட பிரஷ்ஷை, கபுகி பிரஷ் என்று கேட்டால் தருவார்கள், மூடிக்குள் வட்டமாகச் சுழற்றுங்கள், தூள் முழுக்க மயிருக்குள் போய் மறையும்வரை. பிறகு பிரஷ்ஷின் கைப்பிடியை மேசையில் இரண்டு தட்டு தட்டுங்கள். நுனியில் தூள் கண்ணுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அது அப்படியே கன்னத்தில் ஒரு வட்டமாக அப்பிக்கொள்ளும். தட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது நல்லது. டைட்டானியம் டை ஆக்சைடு தூளை மூச்சில் உள்ளிழுப்பது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை எலிகளிடம் கண்டதை வைத்து அப்படிச் சேர்த்தது. தோலில் பூசுவது வேறு சங்கதி. ஆனாலும் ஆஸ்துமாக்காரர்கள் தூளை விட்டுவிட்டு, கட்டியாக அழுத்திய ரகத்துக்குப் போவது உத்தமம்.

கன்னத்தின் வெளி ஓரத்தில் தொடங்கி, மூக்கை நோக்கி, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். மூக்கிலிருந்து தொடங்கினால் தூளின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். எண்ணெய் வழிவதும் அங்கேதான், முதலில் திரிவதும் அங்கேதான். முதல் சுற்றில் ஒன்றும் மறையாததுபோல இருக்கும். ஒரு நிமிடம் விடுங்கள். தோலின் சூட்டில் தூள் இறங்கி ஒன்றுசேரும். பிறகு சிவப்பு இன்னும் தெரிகிற இடத்தில் மட்டும் இரண்டாம் சுற்று. கண்ணுக்கடியில் பிரஷ்ஷில் மிச்சமிருப்பது போதும், புதிதாக எடுக்க வேண்டாம்.

வெளுத்த முகத்தில் பவுடரைக் காட்டிக்கொடுப்பது பூனை முடி. கன்னத்திலும் காதோரத்திலும் இருக்கும் அந்த மெல்லிய முடியில் தூள் தொற்றிக்கொண்டு, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது பனி படிந்த புல்போலத் தெரியும். வட்டமாகத் தேய்த்து முடித்ததும், முடி வளரும் திசையிலேயே, மேலிருந்து கீழாக, வெறும் பிரஷ்ஷால் நான்கைந்து முறை தடவிவிடுங்கள். அதன் பிறகும் மாவு மாவாக இருந்தால், ஸ்பிரே புட்டியில் நீர் எடுத்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, மேலாக ஒரு தூவல். ஈரம் காயும்வரை முகத்தைத் தொடக்கூடாது. மதியம் எண்ணெய் வழிந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். அதன் மேலேயே பவுடரைப் போட்டால் நெற்றி மடிப்பில் திரிந்து கோடு கோடாக நிற்கும்.

பூசிய சில நிமிடத்திலேயே, முக்கியமாக வியர்க்கும்போது, முகம் அரித்தால் சீட்டில் பிஸ்மத் ஆக்ஸிகுளோரைடு, 77163 என்ற எண், இருக்கிறதா என்று பாருங்கள். முத்துப்போன்ற மினுமினுப்புக்காகச் சேர்ப்பது அது. நிறைய பேருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சென்னைப் புழுக்கத்தில் எனக்குப் பத்து நிமிடம் தாங்கவில்லை. அது இல்லாத பவுடர்களும் கிடைக்கின்றன. பிரஷ்ஷை வாரம் ஒருமுறை ஷாம்பூ போட்டு அலசி, தலைகீழாகவோ படுக்கவைத்தோ காயவையுங்கள். நிமிர்த்தி வைத்தால் நீர் அடிக்குள் இறங்கிப் பசை விட்டு மயிர் உதிரும்.

நாத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். ஜன்னலோரம் நிறுத்தி வெள்ளைத் தாளைப் பிடித்தபோது சந்தேகமே இல்லை, சுத்தமான எலுமிச்சை. அவள் வாங்கிய மூன்றுமே ரோஜா சாயல். கூட ஒரு ‘கோல்டன் லைட்’ மாதிரிப் பொட்டலம் வரவழைத்து, ‘ஃபேர்’ டப்பாவோடு கலந்து பார்த்தோம். ‘கோல்டன் லைட்’ இரண்டு கரண்டிக்கு ‘ஃபேர்’ ஒரு கரண்டி என்றபோது தாடையில் கோடு மறைந்தது. பழைய குங்குமச் சிமிழ் ஒன்றைக் கழுவிக் காயவைத்து அதில் கொட்டி, மூடியின் மேல் மார்க்கரால் ‘2:1, மார்கழி’ என்று எழுதினாள். சித்திரையில் ஸ்கூட்டியில் போய் வந்து முகம் ஒரு படி இறங்கியதும் இன்னொரு சிமிழ் சேர்ந்தது. அதன் மூடியில் ‘3:1’. ‘போர்சலைன்’ டப்பா அலமாரியில் இன்னும் அப்படியே இருக்கிறது.